தோல் அலர்ஜி

ஆம்பூர்
9.3.2025, ஞாயிறு

கெங்கையம்மன் துணை.

சௌந்தரம் அண்ணிக்கு, கெங்கம்மாள் எழுதுவது.

போனில் பேசினால் உங்கள் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். செந்தில்குமாரும் அவன் அப்பாவும் பக்கத்திலேயே இருப்பார்கள். அதனால் பால்வாடி விலாசத்துக்கு எழுதுகிறேன். நீங்கள் அங்கே உதவியாளராக இருப்பது இதற்காவது உதவுகிறது. தபால்காரர் உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு ஒட்டினேன்.

உங்கள் தம்பியைப் போன மாசம் 17ஆம் தேதியிலிருந்து கம்பெனி கேட்டில் போட்டுவிட்டார்கள். வாட்ச்மேன் வேலை, ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை. பதினோரு வருஷம் ஸ்ப்ரே மிஷினில் நின்று தோலுக்குக் கலர் அடித்த ஆளுக்கு இப்போது கையில் ஒரு டார்ச். சம்பளத்தைக் குறைக்கவில்லை. அதுதான் பேஜார். குறைத்திருந்தால் போய்ச் சண்டை போடலாம். இவர்கள் நல்லது செய்வதாக நினைத்துச் செய்திருக்கிறார்கள்.

எல்லாம் அந்த லீவு லெட்டரால் வந்தது. அக்டோபரில் அவர் பாகாயம் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தபோது, "என் தம்பி கோபிக்குத் தோல் அலர்ஜி" என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சரி என்றேன். அதில் என் பங்கும் உண்டு. நாம் உடம்புத் தோலைச் சொன்னோம். போன மாசம் வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வந்தார்களாம். யாருக்கு என்ன உடம்பு என்று ஃபைலைப் பிரித்தபோது, தோல் அலர்ஜி என்றால் இவருக்குத் தோலே ஆகாது என்று கம்பெனியில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். டேனரியில் தோல் ஆகாதவனை எங்கே வைப்பது? தோல் இல்லாத இடம் கேட் ஒன்றுதான்.

கம்பெனி வேன் ஓட்டுகிற ஜான் பாஷா, "இன்னா கோபி, மீன்காரனுக்கு மீன் நாத்தம் ஆவலேன்னானாம், அந்தக் கதையா கீதே" என்று கேட்டாராம். இவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். முதல் நாலு நாள்தான் சிரிப்பு.

டாக்டரம்மா என்ன சொன்னார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். மாத்திரை பாதி, ராத்திரித் தூக்கம் பாதி. நான் நோட்டில் தூக்கக் கணக்கு எழுதி வருகிறேன். பிப்ரவரி 16 வரை ஏழு, ஏழரை, ஏழு, எட்டு. 17க்குப் பிறகு பகல் தூக்கம் ஐந்து, நாலரை, ஐந்து, நாலு. நேற்று மூன்றே முக்கால். எங்கள் சிமெண்ட் ஷீட் வீட்டில் மார்ச் மாசப் பகலில் யார் தூங்க முடியும்? பக்கத்து வீட்டு கிரைண்டர் வேறு.

வெள்ளிக்கிழமை காலை வேலையிலிருந்து வந்தவர் சாப்பிடாமல் வாசலில் இருந்த செருப்பு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவினார். அக்டோபரிலும் கழுவுவதில்தான் ஆரம்பித்தது. பேச்சும் ஜாஸ்தியாகிறது.

அதனால் கேட்கிறேன். ஆபீசில் ஆட்களைப் பார்த்துக்கொள்கிற அப்துல் ஹமீத் சாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா? லெட்டர் உங்கள் கையெழுத்து. உங்களைக் கேட்காமல் சொல்ல மனசு வரவில்லை.

தினமும் விபூதியையும் மாத்திரையையும் ஒரே தட்டில் வைத்துத்தான் கொடுக்கிறேன். மற்றபடி நான் சுகம்.

கெங்கம்மாள்

*

நாட்றம்பள்ளி
14.3.2025

கெங்கா,

உன் லெட்டர் வந்தது. டீச்சரம்மா எதிர்லதான் தபால்காரர் குடுத்தார். யாரு எழுதினதுன்னு கேட்டாங்க. எல்ஐசின்னு சொல்லி இடுப்புல சொருகிட்டேன். இனிமே கவர் மேல உன் பேர் போடாதே.

சொல்லக்கூடாது. இதான் என் பதில்.

ஊருக்குத்தான் பாகாயம்னு பேர். மனசு ஆஸ்பத்திரி அங்க இருக்கறதால நம்ம பக்கம் அது திட்டு. நல்லா இருக்கறவனே கொஞ்சம் சத்தமாச் சிரிச்சா "இன்னாடா, பாகாயம் பஸ்சு ஏத்தணுமா"ன்னு கேட்கிற ஊரு இது. நீ குடியாத்தத்துல வளர்ந்தவ, உனக்குத் தெரியாதா? அந்தப் பேர் ஒருத்தன் மேல ஒட்டினா அவனோட போறதில்ல. அவன் கூடப் பொறந்தவ, அவ பெத்ததுங்க, எல்லார் மேலயும் ஒட்டும். செந்தில்குமாருக்கு நாளைக்குப் பொண்ணு தேடணும். சங்கீதா காட்பாடியில ரெண்டாவது வருஷம் படிக்கிறா. அதுங்களை நினைச்சுப் பார்த்தியா?

கேட் வேலை ஆவலைன்னா சர்க்கரைன்னு சொல்லு. சர்க்கரைக்காரனை ராத்திரி வேலைக்கு வைக்க மாட்டாங்க. ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு, எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

இன்னொண்ணு. அந்த நோட்டை முதல்ல மூடி வை. தூங்கறவன் பக்கத்துல உட்காந்து ஒருத்தி எண்ணிக்கிட்டே இருந்தா எவனுக்குத்தான் தூக்கம் வரும்? எட்டாவது படிச்சுட்டு நோட்டுல கோடு போட்டா டாக்டர் ஆயிடுவியா?

அவனுக்கு மோர் நிறையக் குடு. வெயில்ல விடாதே.

சௌந்தரம்

*

ஆம்பூர்
25.3.2025

அண்ணிக்கு,

கவரில் பெயர் போடவில்லை.

நீங்கள் சொன்னபடி சர்க்கரை என்று சொல்லிப் பார்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் கேன்டீனில் அவருக்கு டீயில் சர்க்கரை போட மாட்டார்கள். சாப்பாட்டைக் குறைப்பார்கள். ஆடிட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை இருக்காது. அதற்கு நாம் மூன்றாவதாக ஒரு நோயைத் தேட வேண்டும். ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான் அவர் ராத்திரி முழுக்கக் கேட்டில் நிற்கிறார். இன்னொன்றைக் காப்பாற்ற அவர் உடம்பில் தெம்பு இல்லை.

20ஆம் தேதி காலை நடந்ததைச் சொல்கிறேன். உள்ளே வருகிற லாரிகளின் நம்பரைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். இவர் நம்பர்களைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். கூட்டினால் ஒன்பது வருகிற லாரிக்குச் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்தாராம். மற்ற லாரிகளை ரோட்டிலேயே நிறுத்திவிட்டார். கெமிக்கல் லாரி டிரைவர், "யோவ், கேட்டைத் திற, இன்னா விளையாடறியா" என்று கத்த, இவர் அவரைக் கட்டிப்பிடித்து, "உன் வண்டியும் ஒன்பதுதான்யா, கடைசி நம்பரை மட்டும் மாத்திட்டு வா" என்றாராம். கூட்டம் சேருவதற்குள் ஜான் பாஷா வேனில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டார். "அக்கா, தோஸ்த்து தூங்கினா சரியாப் பூடும். லாரிக்காரன் கைல சண்டைன்னுதான் சொல்லிக்கிறேன்" என்றார். அந்த மனுஷனும் நமக்காக ஒரு பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்றைக்கே பாகாயம் போனோம். நோட்டைப் பார்த்தார்கள். நீங்கள் மூடி வைக்கச் சொன்ன அதே நோட்டுதான். டாக்டரம்மா ஒவ்வொரு நாளாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "17ஆம் தேதி என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். ராத்திரி வேலை இனி ஒரு நாள்கூடக் கூடாது என்றார்கள்.

மறுநாள் நான் அப்துல் ஹமீத் சாரைப் பார்க்கப் போனேன். உங்களைக் கேட்டேன், வேண்டாம் என்றீர்கள், மீறிப் போனேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

"சார், அவருக்குத் தோல் அலர்ஜி இல்ல. மனசுல வர்ற நோவு. பாகாயத்துல பாக்கறோம்" என்றேன். பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த அம்பரீன் என்கிற பெண் அடிப்பதை நிறுத்திவிட்டாள். சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அஞ்சு மாசமா பொய்யாம்மா?"

"ஆமா சார்."

"இப்ப சொல்றதும் பொய் இல்லேன்னு நான் எப்படி நம்பறது? ஃபைல்ல ஒரு லெட்டர் இருக்கு. நீங்க வாயால வேற சொல்றீங்க. நாளைக்கு ஆடிட்ல என்னைத்தான் கேட்பான்."

கோபப்படவில்லை. டாக்டர் சீட்டு ஒன்று வேண்டும், அந்த லெட்டரை எழுதியவரே அது தப்பு என்று மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டும் வந்தால் பகல் ஷிப்டுக்கு மாற்றுகிறேன் என்றார். அது வரை சம்பளமில்லாத லீவு. டாக்டர் சீட்டு வாங்கிவிட்டேன். மற்றது உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். டாக்டரம்மா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று அக்டோபரிலேயே கேட்டார்கள். இவர் இல்லை என்றார். போன வாரம் ஆலங்காயத்திலிருந்து எல்லம்மா பெரியம்மா இவரைப் பார்க்க வந்தார்கள். இவர் பேசுவதைப் பார்த்துவிட்டு, "அப்பிடியே ஆத்தாளை உரிச்சு வச்சிருக்கான், அவளும் இப்பிடித்தான் கையத் தட்டித் தட்டிப் பேசுவா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு நான் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

அத்தை டைஃபாய்டில் போனார்கள் என்றுதான் என் கல்யாணத்தின்போது சொன்னீர்கள். இவரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

அண்ணி, அக்டோபரில் முதல் பத்து நாள் நான் செய்வினை என்று நினைத்து எலுமிச்சம்பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? பத்து நாள் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். அவர் மார்க்கெட்டில் சட்டையில்லாமல் நின்றதை ஊர் பார்த்திருக்காது.

அத்தைக்கு இருந்தது என்றால், என்ன மாத்திரை கேட்டது என்று தெரிந்தால் நல்லது என்கிறார்கள் டாக்டரம்மா. அம்மாவுக்குக் கேட்ட மருந்து பிள்ளைக்கும் கேட்கலாமாம்.

கெங்கம்மாள்

*

ஆம்பூர்
8.4.2025

அண்ணிக்கு,

இரண்டு வாரமாகிறது. உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

தூக்கம் ஆறு மணி நேரத்துக்கு வந்திருக்கிறது. பேச்சு குறைந்திருக்கிறது. கை நடுங்குகிறது, சாதம் பிசையும்போது தெரிகிறது. வேலைக்குப் போகாத ஆளுக்குப் பகல் நீளம். தெருவில் எல்லாரும், தோல் இன்னும் சரியாகவில்லையா என்று கேட்கிறார்கள். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்.

19ஆம் தேதி வரைக்கும்தான் பொறுக்க முடியும் என்று அப்துல் ஹமீத் சார் ஜான் பாஷாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்குள் லெட்டர் வராவிட்டால், கேட்டுக்கே வர வேண்டும் அல்லது வேலையை விட்டதாக எழுதிக்கொள்வார்கள். வேலையை விடச் சொல்லலாம் என்றால், இந்த மனுஷர் வேலையில்லாமல் உட்கார்ந்தாலும் நோய், ராத்திரி வேலைக்குப் போனாலும் நோய்.

உங்களைக் குற்றம் சொல்லிப் போன கடிதத்தில் எழுதியது அதிகம் என்று தோன்றினால் மன்னியுங்கள். ஆனால் எழுதியது ஒன்றும் பொய் இல்லை.

கெங்கம்மாள்

*

நாட்றம்பள்ளி
13.4.2025

கெங்கா,

மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். பால்வாடி வருகைப் பதிவேட்டுலேந்து தாள் கிழிச்சது, டீச்சரம்மா எண்ணினா தெரியும்.

அம்மா பேர் அஞ்சலை. உன் கல்யாணப் பத்திரிகையில போட்டிருந்தோம். அதுக்கு மேல யாரும் உனக்கு ஒண்ணும் சொன்னதில்ல.

அம்மாவுக்கு இருந்தது. எனக்குப் பன்னெண்டு வயசுல ஆரம்பம். அப்பா வேலைக்குப் போயிடுவார், நான்தான் பஸ்சுல கூட்டிட்டுப் போவேன். கண்டக்டர் "பாகாயம் எறங்கு"ன்னு கத்தினா பஸ்சு மொத்தமும் திரும்பி யார் எறங்கறான்னு பார்க்கும். அதனால ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி அம்மாவைக் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு நடப்பேன். வெயில்ல அம்மா "ஏண்டி நடக்க வைக்கிற"ன்னு கேட்கும். பதில் சொல்ல மாட்டேன்.

வெள்ளை மாத்திரை. நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னாங்க. உப்பைக் குறைக்காதேன்னாங்க. மாசா மாசம் ரத்தம் எடுத்தாங்க. கை கொஞ்சம் நடுங்கும். பேர் தெரியாது. இதை டாக்டர்கிட்ட சொல்லு, அவங்களுக்குப் புரியும். அதுல அம்மா நல்லா ஆயிட்டா. ரெண்டு வருஷம் ஒண்ணும் இல்ல.

எனக்குப் பதினேழு. பங்குனி மாசம் நாட்றம்பள்ளியிலேந்து என்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. மாத்திரை டப்பா மாடத்துல இருந்தது. யாராவது பார்த்தா என்ன மாத்திரைன்னு கேட்பாங்களேன்னு எடுத்து அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சேன். யாரும் சொல்லல, நானேதான் செஞ்சேன். அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்னு நினைச்சேன். அப்புறம் நிச்சயம், அப்புறம் அவங்க ஆளுங்க வர்றதும் போறதுமா இருந்தாங்க. ஒரு நாள் இருபத்தி ரெண்டு நாள் ஆச்சு. அம்மாவும் கேட்கல. "நான் நல்லாத்தானேடி கீறேன்"னு சொன்னா.

சித்திரை வெயில்ல வீட்டை விட்டுப் போயிட்டா. நாலாம் நாள் ஜோலார்பேட்டை ஸ்டேஷன்ல கிடைச்சா. தண்ணி இல்லாம, கால்ல செருப்பு இல்லாம. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. டைஃபாய்டுன்னு சொன்னோம். கோபிக்கு அஞ்சு வயசு. எனக்கு ஆவணியில கல்யாணம்.

நீ கேட்டியே, அக்டோபர்ல ஏன் பார்த்துக்கிட்டு உட்காந்திருந்தேன்னு. பார்த்த முதல் நாளே தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சதை வாயால சொன்னா இதையும் சொல்லணும். அதான்.

நேத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். லெட்டர்ல என் பேர் வரும், உங்க கம்பெனியில இந்த ஊர்க்காரங்க நாலு பேர் இருக்காங்க, எப்படியும் காதுக்கு வரும். அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தார். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப டைஃபாய்டு இல்லையா?"ன்னார். இல்லன்னேன். வாளியைக் கீழ வச்சுட்டு, "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா உன்னைக் கட்டியிருக்க மாட்டேன்"ன்னார். நான் நின்னுட்டிருந்தேன். "இப்ப தெரிஞ்சு இன்னா பண்றது, போய் சோத்தைப் போடு"ன்னார். சாப்பிட்டார். அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசல. செந்தில்குமார்கிட்ட அவரே சொல்லிட்டார் போல, அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கறான்.

லெட்டர் இதோட வச்சிருக்கேன். என்ன எழுதியிருக்கேன்னு நீயும் தெரிஞ்சுக்க:

"மதிப்பிற்குரிய ஐயா, கோபி என்பவரின் அக்கா சௌந்தரம் எழுதிக்கொள்வது. சென்ற அக்டோபரில் என் தம்பிக்குத் தோல் அலர்ஜி என்று நான் எழுதிக் கொடுத்தது உண்மையல்ல. அவருக்கு மனநோய் ஏற்பட்டுப் பாகாயத்தில் சிகிச்சை பெற்றார். எங்கள் தாயாருக்கும் இருந்தது. வெளியில் தெரிந்தால் கேவலம் என்று மறைத்தேன். தற்போது பூரண குணமடைந்துவிட்டார். அவருக்குப் பகல் வேலை தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

அம்மா விஷயத்தைக் கோபிகிட்ட நீயே சொல்லிடு. என்னால முடியாது.

சௌந்தரம்

*

ஆம்பூர்
22.4.2025

கெங்கையம்மன் துணை.

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் 16ஆம் தேதி வந்தது. அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு இரண்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். என் வாயால் சொன்னால் ஏதாவது ஒன்றை மெழுகிச் சொல்லிவிடுவேன் என்று பயம். உங்கள் எழுத்தில் படிப்பதே சரி என்று பட்டது.

இரண்டு தடவை படித்தார். அழவில்லை. "பதினேழு வயசு. அக்காவுக்குப் பதினேழு வயசுதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். உங்கள் மேல் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன்.

அப்புறம் கம்பெனி லெட்டரை எடுத்தார். பாதியில் சிரித்துவிட்டார். "கெங்கா, அக்கா மறுபடியும் பொய் எழுதியிருக்கா பாரு" என்றார். எனக்குப் புரியவில்லை. 'பூரண குணமடைந்துவிட்டார்' என்ற இடத்தைக் காட்டினார். "இதை நம்பி வேலை குடுப்பாங்க. நாளைக்கு ஒரு நாள் எனக்கு லீவு வேணும்னா மறுபடியும் தோல் அலர்ஜின்னு எழுதுவீங்களா?" என்று கேட்டார். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். கீழே அவரே எழுதினார்: "நான் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். ராத்திரி தூங்கினால் எல்லா வேலையும் செய்வேன். தூக்கம் கெட்டால் திரும்ப வரலாம். வந்தால் நானே வந்து சொல்கிறேன். கோபி."

அடித்தல் திருத்தல் இல்லாமல் வேறு தாளில் எழுதிக் கொடுக்கலாமே என்றேன். வேண்டாம், அடித்ததும் தெரியட்டும் என்றார். கை நடுக்கத்தில் எழுத்து கோணலாகத்தான் இருந்தது.

17ஆம் தேதி இரண்டு பேரும் போனோம். நான் பேசவில்லை. அப்துல் ஹமீத் சார் லெட்டரைப் படித்துவிட்டு அடித்த வரியைக் காட்டி, "இது யாரு அடிச்சது?" என்றார். "நான்தான் சார், அது நெஜமில்ல" என்றார் இவர். சார் டாக்டர் சீட்டையும் எடுத்துப் படித்தார். "மிஷின் கிட்ட இப்ப விட மாட்டேன். மூணு மாசம் போகட்டும்" என்றார். இவர் முகம் விழுந்துவிட்டது. "சரி சார், டாக்டரும் அதைத்தான் சொன்னாங்க" என்றார். பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். ஜெனரல் ஷிப்ட், காலை எட்டரை முதல் சாயங்காலம் ஐந்தரை வரை. அம்பரீன் பழைய லெட்டரின் மேல் கோடு போட்டுப் புது லெட்டரை அதன்மேல் குத்தி வைத்தாள். நேற்றிலிருந்து போகிறார்.

எல்லாம் இனிப்பாக இருக்கிறது என்று எழுத மாட்டேன். கேன்டீனில் இரண்டு பேர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனார்களாம். அதில் ஒருவன் ஏழு வருஷம் இவரோடு ஒரே மிஷினில் நின்றவன். கை கழுவுகிற இடத்தில் ஒருவன், "இன்னா பாகாயம், சாப்ட்டியா?" என்று கேட்டானாம். இவர் சொன்னாராம்: "சாப்ட்டேன்பா. மாசம் ஒரு வாட்டி போறேன். அடுத்தது மே ஏழு. வர்றியா, சீட்டு புடிச்சு வைக்கட்டா?" ஜான் பாஷா சத்தமாகச் சிரித்தாராம், கூட நாலைந்து பேர் சிரித்தார்களாம். கேட்டவன் சிரிக்கவில்லை. இதை என்னிடம் சொல்லிவிட்டு இவர் ரொம்ப நேரம் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் எழுதிய வெள்ளை மாத்திரை, தண்ணீர், ரத்தம் எடுப்பது, கை நடுக்கம் எல்லாம் சொன்னதும் டாக்டரம்மா உடனே பெயர் சொல்லிவிட்டார்கள். அவருக்கும் அதைத்தான் ஆரம்பத்திலிருந்து கொடுக்கிறார்களாம். அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது என்றால் தைரியமாகத் தொடரலாம் என்று சந்தோஷப்பட்டார்கள். அளவைச் சரி செய்தார்கள், நடுக்கம் குறையும் என்றார்கள்.

நான் அத்தையை ஒரு நாளும் பார்த்ததில்லை. நேற்று சாமி படத்துக்கு முன்னால் அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு விளக்கு வைத்தேன்.

இவர் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன்: "அம்மாவுக்கு இன்னா நோவுன்னு தெரிஞ்சுபோச்சு, எப்படி செத்தாங்கன்னும் தெரிஞ்சுபோச்சு. நல்லா இருந்த ரெண்டு வருஷம் இன்னா பண்ணிட்டிருந்தாங்க? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. அக்காவைக் கேட்டு எழுது."

அண்ணன் பேசுகிறாரா?

கெங்கம்மாள்

*

நாட்றம்பள்ளி
28.4.2025

கெங்கா,

கவர் மேல உன் பேர் போட்டுத்தான் அனுப்பியிருந்தே. பார்த்தேன். டீச்சரம்மா யாருன்னு கேட்டாங்க, தம்பி பொண்டாட்டின்னேன்.

அவன் கேட்டதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எழுத ஒண்ணும் வரல. முப்பத்தி நாலு வருஷமா அம்மா பேச்சை நான் எடுத்ததே இல்ல. எடுத்தா எப்படி செத்தாங்கன்னு கேட்பாங்க. அந்த பயத்துல அவ எப்படி இருந்தான்னும் மறந்துட்டேன்னு நினைச்சேன். மறக்கல.

அம்மா டேனரியில தோல் காயப் போடற வேலைக்குப் போவா. நாள் கூலி. காக்கா வந்து தோல்ல உட்காந்தா உருதுல திட்டுவா. பக்கத்து வீட்டம்மாகிட்டக் கத்துக்கிட்டது. தமிழ்ல திட்டினா காக்கா போகாதும்பா. கோபியை இடுப்புல வச்சுக்கிட்டே திட்டுவா. அவன் முதல்ல கத்துக்கிட்ட உருது வார்த்தையே அந்தத் திட்டுல ஒண்ணுதான். என்ன வார்த்தைன்னு இதுல எழுத முடியாது, நீ விளக்கு வைக்கிற இடத்துல படிப்பே.

குழம்புல உப்பு போட மறந்துட்டு, "டாக்டர்தான் போடாதேன்னார்"னு சாதிப்பா. டாக்டர் சொன்னது அதுக்கு நேர் எதிர்.

எல்லாத்தையும் விட, அம்மாவுக்கு விசில் அடிக்கத் தெரியும். ரெண்டு விரலை வாயில வச்சு ஆம்பளை மாதிரி அடிப்பா. ஒரு தடவை என்னை சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனா. அப்பாகிட்ட ரேஷன் கடைன்னு சொல்லிட்டுப் போனோம். பொம்பளைங்க பக்கம் தரையில உட்காந்திருந்தோம். சண்டைக் காட்சி வந்ததும் அம்மா ஒரு விசில் அடிச்சா பாரு, கொட்டகையே அதிர்ந்துச்சு. டார்ச் அடிச்சுக்கிட்டு ஓடி வந்தவன் எங்க பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. ஆம்பளைங்க பக்கம் போய், சும்மா உட்காந்திருந்த ரெண்டு பேரை எழுப்பி வெளிய தள்ளினான். அம்மா முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு என் தோள்ல முட்டி முட்டிச் சிரிச்சா. வீட்டுக்கு வர்ற வரைக்கும், "பாவம்டி அந்த ரெண்டு பேரும்"னு சொல்றதும் சிரிக்கறதுமா வந்தா.

அண்ணன் பேசறாரான்னு கேட்டே. செந்தில்குமார் இன்னும் சரியாப் பேசல. இவர் முந்தாநாள் வரைக்கும் "காப்பி", "சாவி எங்க", அவ்வளவுதான். நேத்து சாயங்காலம் இந்த லெட்டர் எழுதிக்கிட்டு நானாச் சிரிச்சிருக்கேன். "இன்னா சிரிப்பு?"ன்னார். சினிமாக் கதையைச் சொன்னேன்.

"பொம்பளை விசில் அடிச்சாளா?"

"ஆமா."

"எங்க, அடிச்சுக் காட்டு."

ரெண்டு விரலையும் வாயில வச்சு ஊதினேன். வெறும் காத்துதான் வந்தது. மாடு திரும்பிப் பார்த்தது. அவர் துண்டால வாயை மூடிக்கிட்டார்.

எனக்கு வரல. கோபிக்கு வருதான்னு பார்த்து எழுது.

சௌந்தரம்